படுக்கை நனைக்கும் பிள்ளைகள்: வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

நீலகிரி, கொடைக்கானல் பகுதிகளிலிருந்து இந்தக் குளிர்காலத்தில் வந்த கடிதங்களில் பல, பிள்ளைகள் படுக்கையில் சிறுநீர் கழிப்பதைப் பற்றியே இருந்தன. எழுதியவர்களில் அநேகர் பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் ஊரை மட்டும் குறிப்பிட்டிருக்கிறோம். ஒன்றுபோல் இருந்த கேள்விகளைச் சேர்த்து, குன்னூரில் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்துவரும் நம் மருத்துவரிடம் கொடுத்தோம். அவருடைய பதில்கள் இவை.

கேள்வி: எங்கள் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு படிக்கிறான். பிறந்ததிலிருந்து ஒரு வாரம்கூடத் தொடர்ந்து பாய் நனையாமல் இருந்ததில்லை. மார்கழி, தை மாதங்களில் ஒரே இரவில் இரண்டு முறைகூடப் போய்விடுகிறான். "குளிர் உடம்பு, வயசானால் சரியாகிவிடும்" என்கிறார் என் மாமியார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டதாகக் கணவர் என்னைத் திட்டுகிறார், அவனை அடித்தும்விட்டார். பகலில் எந்தத் தொந்தரவும் இல்லை. இது குளிரால் வருவதா? வைத்தியம் தேவையா?
– ஒரு தாய், கோத்தகிரி

பதில்: அடிப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருக்கும்போது நடப்பதற்கு எந்தப் பிள்ளையும் பொறுப்பாக முடியாது. அடி வாங்கும் பிள்ளை பயத்தோடு படுக்கப் போகுமே தவிர, சிறுநீர்ப்பை அந்த அடியை நினைவில் வைத்துக்கொள்ளாது. உங்கள் வளர்ப்பிலும் பிழை இல்லை.

ஐந்து வயதுவரை இதை நாங்கள் ஒரு குறையாகவே கணக்கில் எடுப்பதில்லை. ஐந்து வயதில் 100 பிள்ளைகளில் ஏறத்தாழ 15 பேர் படுக்கையை நனைக்கிறார்கள். பத்து வயதில் அது 5 பேராகக் குறைகிறது. பெரியவர்களான பிறகும் நூற்றில் ஒருவருக்குத் தொடரலாம். பெண் பிள்ளைகளைவிட ஆண் பிள்ளைகளிடம் இது அதிகம். சிகிச்சை எதுவும் செய்யாவிட்டாலும், ஒவ்வோர் ஆண்டும் நனைக்கிறவர்களில் 100க்கு 15 பேர் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். ஆகவே உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை. ஆனால் அந்த 15 பேரில் நம் பிள்ளை இந்த ஆண்டு வருவானா, நான்கு ஆண்டு கழித்து வருவானா என்பதை யாராலும் சொல்ல முடியாது. அதற்குள் அவன் சுற்றுலா போக மறுப்பான், உறவினர் வீட்டில் தங்க மறுப்பான், தன்னை மட்டமாக நினைக்கத் தொடங்குவான். ஏழு வயதைத் தாண்டிய பிள்ளைக்கு இது மனவருத்தம் தருகிறது என்றால் வைத்தியம் செய்யலாம் என்பதே என் கருத்து.

இரவில் நடப்பது என்னவென்று உங்கள் கணவருக்குச் சற்று விளக்கமாகச் சொல்லுங்கள். இரவில் நம் மூளை வாசோபிரஸின் என்னும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. அது சிறுநீரகத்திடம் "தண்ணீரை வெளியே விடாதே" என்று சொல்வதால்தான் பெரியவர்கள் ஏழெட்டு மணி நேரம் எழாமல் உறங்குகிறோம். சில பிள்ளைகளுக்கு இந்த இரவுச் சுரப்பு தாமதமாகவே சீராகிறது. அவர்களுக்கு இரவிலும் பகல் அளவுக்குச் சிறுநீர் உற்பத்தியாகும். வேறு சிலருக்குச் சிறுநீர்ப்பை வயதுக்கேற்ற அளவைத் தாங்குவதில்லை. எட்டு வயதுக்கு எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு: வயதோடு ஒன்றைக் கூட்டி 30ஆல் பெருக்குங்கள், 270 மி.லி. வரும். இந்த இரண்டில் எது இருந்தாலும், பை நிரம்பியவுடன் விழித்துக்கொள்ளும் பிள்ளை படுக்கையை நனைக்காது. உங்கள் மகன் போன்றவர்களுக்கு அந்த விழிப்பும் வருவதில்லை. "இடியே விழுந்தாலும் எழுந்திரிக்க மாட்டான்" என்று தாய்மார்கள் சொல்வது மிகையல்ல.

குளிரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். குளிரில் தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, வியர்வையும் குறைகிறது, சிறுநீர் கூடுகிறது. உறைபனி விழும் மாதங்களில் ஒரு முறை நனைத்தவன் இரு முறை நனைப்பது இதனால் இருக்கலாம். ஆனால் குளிர் இதற்கு மூலகாரணம் அல்ல; மேட்டுப்பாளையத்திலும் மதுரையிலும் இதே வயதுப் பிள்ளைகள் நனைக்கத்தான் செய்கிறார்கள். இங்கே குளிரைவிட நான் அதிகம் சந்தேகிப்பது டீயை. நம் மலையில் மூன்று வயதுப் பிள்ளையின் கையிலும் வர்க்கியும் டீ டம்ளரும் இருக்கும். மாலை ஆறு மணிக்கு ஒன்று, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு "குளிருக்கு இதமாக" இன்னொன்று என்று போகிறது. டீயில் உள்ள காஃபீன் சிறுநீரைக் கூட்டும், சிறுநீர்ப்பையைத் தூண்டவும் செய்யும். பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம் என்று தேயிலைத் தோட்டத்து வீடுகளில் சொல்லி யாரும் கேட்டதில்லை; மாலை நான்கு மணிக்குப் பிறகு வேண்டாம் என்றாவது கேளுங்கள்.

அதற்காகத் தண்ணீரையே நிறுத்திவிடாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு எல்லாப் பானங்களும் சேர்ந்து 1 முதல் 1.4 லிட்டர் வேண்டும். பள்ளியில் ஒரு வாய்கூடக் குடிக்காமல் வந்து, மாலை ஐந்து மணிக்கு மேல் மொத்தத்தையும் குடிப்பதுதான் தவறு. பெரும்பகுதியைக் காலையிலும் மதியத்திலும் குடிக்கட்டும். மாலைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு போதும். சாப்பாட்டைப் படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக முடித்து, படுக்கும் முன் ஒருமுறை சிறுநீர் கழிக்கச் செய்யுங்கள். கழிப்பறை வீட்டுக்கு வெளியே இருந்தால் இரவில் பிள்ளை போகாது. காட்டெருமையும் கரடியும் வாசலுக்கு வரும் ஊரில் பெரியவர்களே போவதில்லை. அறை மூலையில் மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் வாளியையும் சிறிய இரவு விளக்கையும் வைத்துவிட்டால், பாதித் தூக்கத்தில் விழிக்கிற பிள்ளைகளாவது எழுந்து போவார்கள்.

நள்ளிரவில் தூக்கிச் சென்று கழிக்க வைப்பது அன்றைய படுக்கையைக் காப்பாற்றும், பழக்கத்தை மாற்றாது. பயணத்தில் அப்படிச் செய்யலாம். வீட்டில் அதையே வைத்தியமாக நம்பி உங்கள் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஒன்று. உங்கள் கணவரிடம் அவர் எந்த வயதுவரை நனைத்தார் என்று கேட்டுப் பாருங்கள். அவர் சொல்லாவிட்டால் மாமியாரிடம் கேளுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்திருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு நூற்றுக்கு 44; இருவருக்கும் இருந்திருந்தால் 77. கோபப்படும் தகப்பன்மாரில் பலர் தாங்களே பத்து வயதுவரை நனைத்தவர்கள் என்பதை என் மேசைக்கு முன்னால்தான் முதன்முறையாக மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அதை அவர் மகனிடமும் சொன்னால் பையன் பெரும் ஆறுதல் அடைவான்.

கேள்வி: எள்ளுருண்டை கொடுத்தால் படுக்கையில் சிறுநீர் போவது நிற்கும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் ஊரில் மந்திரித்துக் கயிறும் கட்டுகிறார்கள்.
– வாசகர், தாண்டிக்குடி

பதில்: எள்ளும் வெல்லமும் நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். சிறுநீரை அது கட்டுப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆண்டுதோறும் நூற்றில் 15 பிள்ளைகள் தாமாகவே சரியாகும் ஒரு தொந்தரவில், அந்த நேரத்தில் கையில் இருந்தது எதுவோ அதற்குப் பெயர் கிடைத்துவிடும். கயிற்றாலும் கெடுதல் இல்லை. சூடு போடுவது, நாள் முழுக்கத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது, என்ன கலந்திருக்கிறது என்று தெரியாத செந்தூரப் பொடிகளைக் கொடுப்பது ஆகிய மூன்றும் கெடுதல், முதலாவது குற்றமும்கூட.

கேள்வி: என் மகளுக்கு ஏழு வயது. பூம்பாறையிலிருந்து பஸ்ஸில் பள்ளிக்குப் போய் வருகிறாள். இரவில் எப்போதாவதுதான் நனைக்கிறாள்; பகலில்தான் பிரச்சினை. உள்ளாடை எப்போதும் ஈரமாக இருக்கிறது. விளையாடிக்கொண்டிருப்பவள் திடீரென்று குதிகாலை மடக்கி அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் பையைப் போட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடுகிறாள், வாசலிலேயே போய்விடுகிறது. சோம்பேறித்தனம் என்று நினைத்துத் திட்டுகிறோம். சிறுநீரகத்தில் கோளாறு இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், பூம்பாறை

பதில்: குதிகாலின் மேல் உட்காருவது சோம்பேறித்தனத்தின் அடையாளம் அல்ல. கட்டுக்கு அடங்காமல் சுருங்கும் சிறுநீர்ப்பையை அந்தக் குழந்தை தன் உடம்பின் பாரத்தால் அடைத்துப் பிடிக்கிறாள். இவ்வளவு நுணுக்கமாக எழுதியதற்கு நன்றி. இந்த ஒரு வரி எனக்குப் பாதி நோயறிதலைச் சொல்லிவிட்டது. மீதிப் பாதிக்கு, நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்க வேண்டும்: அவள் எத்தனை நாளைக்கு ஒருமுறை மலம் கழிக்கிறாள்?

படுக்கை நனைப்பதற்காக வருகிறவர்களிடமும் இதையே கேட்பேன். சிறுநீருக்கு வந்தால் டாக்டர் மலத்தைப் பற்றிக் கேட்கிறாரே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. மலக்குடலும் சிறுநீர்ப்பையும் ஒட்டி அமைந்தவை. மலம் இறுகித் தேங்கும்போது குடல் வீங்கி, பையை ஒருபுறமாக அழுத்துகிறது. பை நிறைவதற்கும் இடமில்லை, முழுதாகக் காலியாவதற்கும் வழியில்லை. மிச்சம் தேங்கிய சிறுநீரில் கிருமி வளர்கிறது. கிருமி பையை மேலும் எரிச்சலூட்டுகிறது. தினமும் போகிறாள் என்பதாலேயே மலச்சிக்கல் இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள். ஆட்டுப் புழுக்கை போலக் கெட்டியாகப் போகிறதா, முக்குகிறாளா, உள்ளாடையில் மலக்கறை படிகிறதா என்று பாருங்கள்.

பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காததால் தண்ணீர் குடிக்காமல், காலை ஏழு மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை அடக்கி வைத்திருக்கும் பெண் பிள்ளைகள் ஏராளம். உங்கள் மகளும் அப்படித்தான் என்பது என் ஊகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க, மி.லி. அளவு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்றில் அவள் ஒவ்வொரு முறை கழிப்பதையும் அளந்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள்; எவ்வளவு குடித்தாள், எப்போது உள்ளாடை நனைந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த ஞாயிறும் அப்படியே. சாதாரணமாக ஒரு நாளைக்கு நான்கு முதல் ஏழு முறை போக வேண்டும். மூன்று அல்லது அதற்குக் குறைவு என்றால் அடக்குகிறாள், எட்டு அல்லது அதற்கு மேல் என்றால் பை அவசரப்படுகிறது. இந்த நோட்டு இல்லாமல் வருபவர்களை நான் பெரும்பாலும் நோட்டோடு வரச் சொல்லித் திருப்பி அனுப்புகிறேன், ஏனென்றால் எந்த ஸ்கேனைவிடவும் அது அதிகம் சொல்லும்.

பிறகு செய்ய வேண்டியவை. அவசரம் வந்தாலும் வராவிட்டாலும் இரண்டு முதல் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை கழிப்பறைக்குப் போக வேண்டும். வகுப்பாசிரியையிடம் நேரில் பேசி, கேட்கும்போது அனுப்பும்படி சொல்லுங்கள். தேவையானால் மருத்துவரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள். குந்தி உட்காரும் கழிப்பறையே இதற்கு நல்லது. வெஸ்டர்ன் டாய்லெட் என்றால் கால் தொங்காமல் இருக்கச் சிறு முக்காலி ஒன்றைக் காலடியில் போடுங்கள். கால் தொங்கினால் இடுப்புத் தசை தளராது. அவசரப்படாமல் முழுதாகக் கழித்து, ஒரு நிமிடம் காத்திருந்து இன்னொரு முறை முயல வேண்டும். கழுவும்போது முன்னிருந்து பின்னாகக் கழுவப் பழக்குங்கள்.

மலம் இளகுவதற்குத் தண்ணீரும் நார்ச்சத்தும் வேண்டும். உங்கள் மலையிலேயே பேரிக்காய், பிளம்ஸ், பீன்ஸ், மலைவாழைப்பழம் எல்லாம் விளைகின்றன. அவற்றை லாரியில் ஏற்றிக் கீழே அனுப்பிவிட்டுப் பிள்ளைக்கு மைதா பிஸ்கட் வாங்கிக் கொடுக்கிறோம். மலம் நாள்பட்டு இறுகியிருந்தால் பழம் மட்டும் போதாது. மருத்துவர் எழுதிக் கொடுக்கும் மலமிளக்கியை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டு நாள் இளகியதும் நிறுத்திவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. மலச்சிக்கல் தீர்ந்ததும் பகல் நனைவும் இரவு நனைவும் சேர்ந்தே நின்றுபோகும் பிள்ளைகள் உண்டு.

கோளாறு இருக்குமோ என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். சிறுநீர்ப் பரிசோதனையும் கிருமி வளர்ப்புப் பரிசோதனையும் கட்டாயம் செய்துவிடுங்கள். பிறந்ததிலிருந்தே, கழித்து முடித்த ஐந்தாவது நிமிடத்திலும் சொட்டுச் சொட்டாகக் கசிந்துகொண்டே இருந்தால், பெண் பிள்ளைகளுக்குச் சிறுநீர்க் குழாய் வேறிடத்தில் திறந்திருக்கக்கூடும். அதற்கு ஸ்கேன் தேவை. ஆண் பிள்ளைகளுக்குச் சிறுநீர் வேகமின்றி முக்கி முக்கி வந்தால் அடைப்பு இருக்கலாம். முதுகின் அடிப்பகுதியில் மயிர்க்கொத்தோ குழியோ கட்டியோ இருந்தால், நடையில் தடுமாற்றம் இருந்தால், காரணம் தெரியாத காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால், தள்ளிப்போடாமல் கொடைக்கானலிலோ திண்டுக்கல்லிலோ குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இவை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை.

கேள்வி: பத்து வயது மகன். நான்கு வயதிலேயே படுக்கை நனைப்பதை நிறுத்திவிட்டான். இப்போது மூன்று வாரமாகத் தினமும் நனைக்கிறான். இரவில் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கிறான். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்துவிட்டான். பூச்சியாக இருக்குமா?
– ஒரு தகப்பனார், மஞ்சூர்

பதில்: இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கக் கூடாத கடிதம் இது. கடிதம் கிடைத்த அன்றே ஆசிரியர் குழு இவருடன் தொலைபேசியில் பேசி, அன்றே சர்க்கரை பார்க்கச் சொல்லிவிட்டது. மற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். ஆறு மாதங்களுக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் அது வேறு விஷயம். அதோடு அடங்காத தாகமும் எடைக் குறைவும் சேர்ந்தால், முதல் வகைச் சர்க்கரை நோய் அல்ல என்று நிரூபிக்கும்வரை அது சர்க்கரை நோய்தான். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்து ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். வயிற்றுவலி, வாந்தி, மூச்சு வாங்குதல், மயக்கம் ஆகியவை தொடங்கிவிட்டால் மணிக்கணக்கில் உயிராபத்து, 108ஐ அழையுங்கள். பூச்சி மருந்து கொடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஒரு வாரம் தள்ளுவதில்தான் பிள்ளைகளை இழக்கிறோம்.

கேள்வி: கூடலூர் அருகே பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி ஒன்றில் விடுதிப் பொறுப்பைப் பார்க்கிறேன். ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகளில் பலர் படுக்கையை நனைக்கிறார்கள். எனக்கு முன்னால் இருந்தவர் நனைத்த பிள்ளைகளை விரிப்போடு வரிசையில் நிற்க வைப்பாராம். இரவுச் சாப்பாட்டுக்கு மேல் தண்ணீர் கொடுக்கக் கூடாது என்ற ஏற்பாடும் இருக்கிறது. ஒரு பையன் மட்டும் பன்னிரண்டு வயதாகியும் தினமும் நனைக்கிறான். அடிக்கடி கை கால் வலி என்று படுத்தும்விடுகிறான். என்ன செய்யலாம்?
– விடுதிக் காப்பாளர், கூடலூர் வட்டம்

பதில்: அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனிடமிருந்து தொடங்குகிறேன். அவனுக்கு அரிவாள் செல் இரத்தசோகை இருக்கிறதா என்று இந்த வாரமே பரிசோதனை செய்யுங்கள். இந்தியாவில் இந்த நோயின் மரபணு முதன்முதலாக அறியப்பட்டது 1952இல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். இருளர், பணியர், குறும்பர் போன்ற சமூகங்களில் இது இன்றும் இருக்கிறது. ஆக்சிஜன் குறையும் இடத்தில் இவர்களுடைய சிவப்பணுக்கள் அரிவாள் வடிவத்துக்கு வளைந்து நுண்ணிய குழாய்களை அடைக்கின்றன. எலும்பில் அடைத்தால் கை கால் வலி. சிறுநீரகத்தின் உட்பகுதியில் அடைத்தால், சிறுநீரை அடர்த்தியாக்கும் திறன் சிறு வயதிலேயே போய்விடுகிறது. நாள் முழுவதும், இரவிலும், நீர்த்த சிறுநீர் நிறையப் போகும். இந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகமாகவும் அதிக வயதுவரையும் படுக்கையை நனைப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

இதனால் உங்கள் விடுதியின் தண்ணீர்த் தடை ஆபத்தானது. அரிவாள் செல் நோயுள்ள பிள்ளையின் உடம்பில் நீர் வற்றினால் அடைப்பும் வலியும் தூண்டப்படும், குளிரும் தூண்டும். இவனுக்குத் தண்ணீரைக் குறைக்கவே கூடாது. இரவில் கேட்டாலும் கொடுங்கள், கூடுதலாக ஒரு கம்பளியும் கொடுங்கள். பாய் நனைவதைப் பொறுத்துக்கொள்வதுதான் அவனுக்குப் பாதுகாப்பு. கூடலூர் ஆதிவாசி மருத்துவமனையிலும் அரசு மருத்துவமனைகளிலும் பரிசோதிக்கலாம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கத்தின் கீழ் 40 வயதுவரை உள்ளவர்களுக்குப் பரிசோதனை நடக்கிறது. பையனுக்கு ஏற்கெனவே பரிசோதித்து அதற்கான அட்டை கொடுத்திருக்கிறார்களா என்று வீட்டாரிடம் கேளுங்கள். நோய் உறுதியானால் ஹைட்ராக்ஸியூரியா என்னும் மாத்திரை வலி வருவதை வெகுவாகக் குறைக்கும்.

மற்றப் பிள்ளைகளைப் பற்றி. ஆறு வயதில் பாடியை (பழங்குடிக் குடியிருப்பை) விட்டு, தாயை விட்டு, வேறு பழக்கங்களும் பேச்சும் உள்ள கட்டடத்துக்கு வந்து படுக்கும் பிள்ளை முதல் சில மாதங்கள் நனைப்பது இயல்பு. வரிசையில் நிற்க வைக்கும் பழக்கத்தை நீங்கள் தொடரவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் உடல் தண்டனையோடு மனத்தைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. நனைக்கும் பிள்ளைகளைக் கதவோரம் படுக்க வையுங்கள்; கழிப்பறைவரை விளக்கு எரியட்டும்; தனியாகப் போகப் பயப்படுவார்கள், இருவர் இருவராகப் போகச் சொல்லுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடம் என்றால் தாழ்வாரத்திலேயே வாளி வையுங்கள். காலையில் மற்றவர்கள் எழுவதற்குச் சற்று முன் ஓர் ஆயா அந்த விரிப்புகளை எடுத்துக்கொண்டு போனால் ஒருவருக்கும் தெரியாது. ஆண்டுக்கு இரு முறை பள்ளியில் கொடுக்கும் குடற்புழு மாத்திரையை இவர்கள் தவறாமல் விழுங்கினார்களா என்றும் பாருங்கள். ஆசனவாயில் அரிப்பு தரும் நூற்புழுவும் இரவில் நனைக்கத் தூண்டுவதுண்டு. வாயைத் திறந்து சத்தமாகக் குறட்டை விடும் பிள்ளையின் பெயரைத் தனியாகக் குறித்து வையுங்கள். மூக்கடியில் சதை வளர்ந்து உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் பிள்ளைகள் நனைப்பார்கள், அதற்கு வைத்தியம் உண்டு.

இன்னொன்றையும் எழுதியாக வேண்டும். நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று நனைக்கத் தொடங்கி, குறிப்பிட்ட ஒருவரைக் கண்டால் ஒதுங்கினால், படுக்கப் போகவே பயந்தால், பாலியல் தொந்தரவு நடந்திருக்குமோ என்று நினைத்துப் பார்க்க வேண்டியது பொறுப்பாளரின் கடமை. பெரும்பாலான நனைவுக்குக் காரணம் அதுவல்ல. ஆனால் சந்தேகம் வந்தால் பள்ளிக்குள்ளேயே விசாரித்து முடித்துவிடக் கூடாது. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098.

கேள்வி: மகனுக்குப் பதினொரு வயது. வாரத்தில் மூன்று நான்கு இரவு நனைக்கிறான். வேறு நோய் இல்லை என்று பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதம் சாரணர் முகாம், ஜூனில் விடுதிப் பள்ளி. மாத்திரை இருப்பதாகவும் அலாரம் இருப்பதாகவும் சொல்கிறார்கள். எது நல்லது?
– ஒரு தாய், உதகை

பதில்: முகாமுக்கு மாத்திரை, விடுதிக்கு அலாரம் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்மோபிரஸின் மாத்திரை, நான் முன்பு சொன்ன வாசோபிரஸின் ஹார்மோனைப் போலவே வேலை செய்வது. இரவில் சிறுநீரின் அளவைக் குறைக்கும். கொடுத்த அன்றே பலன் தெரியும், நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குத் திரும்பிவிடும். மருத்துவர் சொன்ன அளவில், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன் கொடுக்க வேண்டும். இதில் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்பிலிருந்து எட்டு மணி நேரம் கழியும்வரை தண்ணீர் ஓரிரு மிடறுக்கு மேல் குடிக்கக் கூடாது. குடித்தால் உடம்பில் நீர் தேங்கி இரத்தத்தில் சோடியம் குறைந்து, தலைவலி, வாந்தி, கடைசியில் வலிப்புவரை போகலாம். காய்ச்சல், வாந்தி, பேதி உள்ள நாளில் மாத்திரை வேண்டாம். மூக்கில் அடிக்கும் ஸ்பிரே வடிவத்தை இதற்குப் பயன்படுத்துவதில்லை. யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். இரவு நெருப்பு மூட்டி ஆடிப்பாடிவிட்டு ஒரு லிட்டர் தண்ணீர் குடிப்பதுதான் முகாமின் வழக்கம். ஆகவே இரண்டு வாரம் முன்பே வீட்டில் கொடுத்துப் பழக்கி, ஏன் குடிக்கக் கூடாது என்பதை அவனுக்கே விளக்கி, நம்பிக்கையான ஆசிரியர் ஒருவரிடமும் சொல்லி அனுப்புங்கள்.

அலாரம் மெதுவாகத்தான் பலன் தரும். ஆனால் அந்தப் பலன் நீடிக்கும். 1904இல் ஃபாண்ட்லர் என்ற ஆஸ்திரியக் குழந்தை மருத்துவர், எந்தப் பிள்ளைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று செவிலியருக்குத் தெரிவதற்காகப் படுக்கையில் மணி ஒன்றைப் பொருத்தினார். சில வாரங்களில் பிள்ளைகள் நனைப்பதையே குறைத்துக்கொண்டதைக் கண்டு அவருக்கே வியப்பு. 1938இல் அமெரிக்காவின் மௌரர் தம்பதி அதை ஒரு சிகிச்சையாக்கினார்கள். இன்று உள்ளாடையில் செருகும் சிறு கருவியாக ஆன்லைனில் கிடைக்கிறது. ஈரம் பட்டதும் ஒலிக்கும். முதல் சில வாரங்கள் அவன் எழ மாட்டான், வீட்டில் மற்ற எல்லோரும் எழுவார்கள். நீங்கள் போய் அவனை முழுதாக விழிக்கச் செய்து, கருவியை அவன் கையாலேயே அணைக்க வைத்து, கழிப்பறைக்கு நடக்க வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் நனையும் வட்டம் சிறியதாகும், அல்லது அலாரம் விடியலுக்கு நெருங்கி ஒலிக்கும். அதுவே பலன் தொடங்கியதன் அடையாளம். தொடர்ந்து 14 இரவு நனையாமல் இருக்கும்வரை விடக் கூடாது; அதற்கு மூன்று மாதமும் ஆகலாம். விடாமல் செய்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகளுக்குக் குணமாகிறது. ஜூனுக்குள் முடிய வேண்டுமானால் முகாம் முடிந்த வாரமே தொடங்குங்கள். வீட்டில் கைக்குழந்தையோ இரவுப் பணிக்குப் போகிறவரோ இருந்தால் இது நடக்காது என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். பாதியில் விட்டால் பையன் "எனக்கு எதுவுமே சரிவராது" என்று எண்ணிக்கொள்வான்.

நட்சத்திரம் ஒட்டும் அட்டை வைப்பதானால், நனையாத இரவுக்குப் பரிசு கொடுக்காதீர்கள், அது அவன் கையில் இல்லை. படுக்கும் முன் கழிப்பறைக்குப் போனதற்கும், அலாரத்துக்கு எழுந்ததற்கும் கொடுங்கள்.

கேள்வி: ஆனி, ஆடி மழையில் இங்கே கைக்குட்டைகூட உலர்வதில்லை. ஆறு வயதுக் குழந்தை தினமும் நனைத்தால் மெத்தையையும் கம்பளியையும் எப்படிச் சமாளிப்பது? அறை முழுக்க வாடை.
– ஒரு தாய், பந்தலூர்

பதில்: எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத, ஆனால் தாய்மாரை அதிகம் வதைக்கும் கேள்வி. மெத்தையை நனையவே விடாதீர்கள். இலவம்பஞ்சு மெத்தை ஒருமுறை ஊறினால் தை மாத வெயிலுக்குத்தான் உலரும். மெத்தைமேல் ரப்பர் ஷீட், அதன்மேல் நான்காக மடித்த பழைய காட்டன் சேலை. அதற்கும் மேல் இன்னொரு ரப்பர் ஷீட், இன்னொரு சேலை. இரவில் நனைத்தால் மேலே உள்ள இரண்டையும் உருவிப் போட்டுவிட்டால் கீழே உலர்ந்த படுக்கை தயாராக இருக்கும். நடுச்சாமத்தில் விளக்கைப் போட்டு வீட்டையே எழுப்ப வேண்டாம். கம்பளியை இடுப்புக்கு மேல் மட்டும் போர்த்தி, காலுக்குத் துவைக்கக்கூடிய பருத்திப் போர்வை இரண்டைப் போடுங்கள். நனைந்த துணியை முதலில் பச்சைத் தண்ணீரில் அலசி, சிறிது வினிகர் கலந்த நீரில் அரை மணி ஊற வைத்து, பிறகு சோப்புப் போட்டால் வாடை போகும். மெத்தையில் பட்டுவிட்ட இடத்தில் சமையல் சோடாவைத் தூவி, மறுநாள் தட்டிவிடுங்கள். காலையில் குழந்தையின் தொடையையும் அடிவயிற்றையும் வெந்நீரில் கழுவித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவினால் புண் வராது. விரிப்பை வாளியில் கொண்டுபோய்ப் போடுவதைக் குழந்தையே செய்யலாம், தண்டனையாக அல்லாமல் வீட்டு வேலையில் அவள் பங்காக. ஊருக்குப் போகும்போது டயப்பர் போடுவதில் தவறில்லை.

துணி உலர்வதற்காகவோ குளிருக்காகவோ கதவு ஜன்னலை அடைத்த படுக்கையறையில் கரியடுப்பை மட்டும் மூட்டி வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. உறக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். சமையலறையில் விறகடுப்புக்குப் பக்கத்தில், தீப்பொறி எட்டாத உயரத்தில் கொடி கட்டி, ஜன்னலைச் சற்றுத் திறந்து வைத்து உலர்த்துங்கள்.